பிள்ளையோடு வெளியே போகும்போது: எந்தப் பை, எப்படிச் சுமப்பது?



விதை, உரம், கடன், காணி உறுதி ஆகிய பெரிய காரியங்களைப் பேசும் இந்த ஏட்டில், கைக்குழந்தையின் துணிப்பையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் கைப்பிள்ளை உள்ள வீட்டில் தாய் வெளியே போக முடியாவிட்டால் கிளினிக் தவறுகிறது. நிவாரணப் பதிவு தவறுகிறது. கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டிய கடிதம் தாமதமாகிறது. ஏன் போகவில்லை என்று கேட்டால் பல வேளைகளில் கிடைக்கும் விடை மிகச் சாதாரணமானது. "பஸ்ஸில புள்ள அசிங்கம் பண்ணிட்டா என்னங்க சாமி செய்யிறது?" என்பதே அந்த விடை. இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. இதற்குச் சரியான விடை சொல்ல முடிந்தால் ஒரு பிள்ளையின் தடுப்பூசி தவறாமல் இருக்கும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையினால் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் ஒரே இரவில் விட்டு வந்த குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்க நேர்ந்தது. முன்பு நடந்து போன இடங்களுக்கு இடம்பெயர்ந்தவர்கள் பஸ்ஸேறிப் போக வேண்டியதாயிற்று. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பாட்டி ஓரிடம், தாய் ஓரிடம் என்று குடும்பங்கள் பிரிந்தன. எங்கே போனாலும் பிள்ளையையும் பிள்ளையின் சாமான்களையும் தூக்கிக்கொண்டே போகும் நிலை பல தாய்மாருக்கு வந்தது. ஆகவே, அந்தச் சாமான்களை எதில் வைப்பது, எப்படிச் சுமப்பது என்பதை இங்கே ஒழுங்காகச் சிந்திப்போம்.

கொழுந்துக் கூடை சொல்லித் தரும் பாடம்

இதற்கான பாடம் எமது மக்களின் கையிலேயே இருக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரத்தை முதுகில் இறக்கிவிடுகிறாள். ஏன்? அவளுடைய இரண்டு கைகளும் வேலைக்கு வேண்டும். கை சுமந்தால் கை வேலை செய்யாது.

பிள்ளையோடு வெளியே போகும் தாய்க்கும் இதே விதிதான். ஒரு கை பிள்ளைக்கு வேண்டும். மற்றக் கை படிக்கட்டில் ஊன்றிக்கொள்ள, பஸ் கம்பியைப் பிடிக்க, குடையைப் பிடிக்க வேண்டும். பைக்கு என்று மூன்றாவது கை கிடையாது. இறம்பொடையின் செங்குத்தான பாதைகளில், மழை பெய்து பாசி பிடித்த கற்படிகளில், கையில் பை தொங்குமானால் கால் சறுக்கும்போது பிடித்துக்கொள்ளக் கை இராது; விழுவது தாயும் பிள்ளையும் சேர்ந்துதான். எனவே பையைத் தெரிவு செய்யும்போது அழகையோ விலையையோ பார்க்க முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது என் கையை விடுவிக்குமா?

என்னென்ன கொண்டுபோவது?

பையைத் தேட முன்னர் பொருட்களைக் கணக்கிட வேண்டும். பெரிய பை கிடைத்தால் அதை நிரப்பும் ஆசை வரும், பாரம் கூடும், பிறகு பையையே வீட்டில் விட்டுப் போவோம்.

தாய்ப்பால் போதிய அளவு கிடைக்கும் குழந்தை, பிறந்து முதல் வாரம் கழிந்த பின்னர், இருபத்து நான்கு மணித்தியாலத்தில் ஆறு தடவை அல்லது அதற்கு மேலாகச் சிறுநீர் கழிக்கும். காலையில் போய்ப் பிற்பகலில் திரும்பும் பயணத்துக்கு மூன்று நெப்பித் துணிகள் போதுமென்று தோன்றும். ஆயினும் பஸ் தாமதிக்கும், வரிசை நீளும், வயிறு இளகும். ஆகவே ஐந்து துணிகள் வையுங்கள். அவற்றோடு பின்வருவன போதும்:

1. பிள்ளையைக் கிடத்த ஒரு தடித்த துணி அல்லது பழைய துவாய்.
2. துடைப்பதற்குச் சிறு பருத்தித் துணிகள் மூன்று. இவற்றைப் பழைய சேலையிலிருந்து வெட்டிக்கொள்ளலாம்.
3. கொதித்தாறிய தண்ணீர் ஒரு சிறு போத்தல்; மூடியுள்ள டப்பாவில் ஒரு துண்டு சவர்க்காரம்.
4. மாற்றுச் சட்டை ஒன்று, தொப்பி ஒன்று. எமது குளிருக்குத் தொப்பி அவசியம்.
5. அழுக்குத் துணிக்கு ஓட்டையில்லாத பொலித்தீன் பைகள் இரண்டு.
6. பிள்ளையின் கிளினிக் புத்தகம், பொலித்தீன் உறையில்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் பெறும் பிள்ளைக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பால்மா டின், போத்தல், சுடுதண்ணீர்ப் பிளாஸ்க் எதுவும் தேவையில்லை. தாய்ப்பாலுக்குப் பையும் தேவையில்லை, அடுப்பும் தேவையில்லை. சுத்தமான தண்ணீர் கிடைப்பது நிச்சயமில்லாத முகாம் வாழ்வில் போத்தல் பால் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும் வழியாகிவிடும்.

நீண்ட பஸ் பயணத்துக்குப் பெம்பர்ஸ் வசதியானது என்பதை மறுப்பதற்கில்லை. நிவாரணத்தில் கிடைத்தால் அத்தகைய நாளுக்கென்று எடுத்து வையுங்கள். ஆனால் காலையில் கட்டியதை மாலைவரை விடக் கூடாது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும். ஈரத்தில் நெடுநேரம் இருக்கும் தோல் சிவந்து புண்ணாகும்.

எந்தப் பை நல்லது?

எமது வீடுகளில் வழக்கமாகக் கையில் அகப்படும் பைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடையில் கிடைக்கும் சொப்பிங் பை: எளிதில் கிடைக்கும், மழைக்கும் தாங்கும். ஆனால் கையிலேயே தொங்கும், விரலை அறுக்கும், பிடி அறுந்தால் துணிகள் சேற்றில் விழும். திறந்த வாய் உள்ளதால் பஸ்ஸில் சரிந்து கொட்டும். அவசரத்துக்கு உதவுமேயன்றி வழக்கத்துக்கு ஆகாது.

துணியில் கட்டிய மூட்டை: எமது முன்னோர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தபோது தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாகத்தான் வந்தார்கள். நடைப்பயணத்துக்கு மூட்டை ஏற்றது. ஆனால் பஸ்ஸின் படியில் குனிந்து ஏறும்போது தலைச் சுமை நிற்காது. ஒரு துணியை எடுக்க முழு மூட்டையையும் அவிழ்க்க வேண்டும்.

ஒரு தோளில் மட்டும் தொங்கும் கைப்பை: வழுகி முழங்கைக்கு வந்துவிடும். குனிந்தால் முன்னே ஆடிப் பிள்ளையின் முகத்தில் மோதும். இதே பையின் வாரை நீளமாக்கி, ஒரு தோளிலிருந்து மறு இடுப்புக்குக் குறுக்காக மாட்டினால் குறை நீங்கும். பிள்ளை இடது இடுப்பில் இருந்தால் பை வலது இடுப்பில் கிடக்க வேண்டும். அப்போது பாரம் இருபக்கமும் சமப்படும். தோட்டத்துப் பாதையில் குறுந்தூரம் போக இது நல்ல முறை.

இரண்டு வார் உள்ள பாடசாலைப் புத்தகப் பை: எமது பாதைகளுக்கு எல்லாவற்றிலும் சிறந்தது இதுவே. பாரம் முதுகில் ஏறும், கைகள் இரண்டும் விடுபடும், வாய் மூடியிருக்கும், உள்ளே பிரிவுகளும் இருக்கும். மூத்த பிள்ளை பாவித்துக் கழித்த பை போதும். வார் அறுந்திருந்தால் கெட்டி நூலால் இரட்டைத் தையல் போடுங்கள். சிப் கெட்டிருந்தால் இரண்டு பொத்தான்கள் வைத்துத் தையுங்கள். "பேபி பேக்" என்று கடையில் விற்கும் விலையுயர்ந்த பைகள் பெரும்பாலும் கையிலோ ஒரு தோளிலோ தொங்குபவை. அவற்றை வாங்கவில்லையே என்று எந்தத் தாயும் கவலைப்படத் தேவையில்லை.

முதுகில் பை போட்டால் பிள்ளையை முன்னால் தூக்குவோம். படியிறங்கும்போது முன்னாலுள்ள பிள்ளை எமது காலை மறைக்கும். ஆதலால் இறக்கத்தில் பிள்ளையை இடுப்புப் பக்கமாக மாற்றி, படியைப் பார்த்து இறங்குங்கள். பஸ்ஸில் ஏறியதும் பையைக் கழற்றிக் காலடியில் வையுங்கள். முதுகிலுள்ள பை நெரிசலில் மற்றவரை இடிக்கும், உங்களையும் சரித்துவிடும். பையின் வார் எக்காரணத்தாலும் பிள்ளையின் கழுத்தைச் சுற்றிப் போகக் கூடாது.

உலர்ந்தது வேறு, நனைந்தது வேறு

பையின் உள்ளே ஒரே ஒரு சட்டம் இருக்கிறது. சுத்தமானதும் அழுக்கானதும் ஒன்றையொன்று தொடக் கூடாது. குழந்தையின் மலந்தானே என்று நாம் அலட்சியமாக எண்ணுகிறோம். பெரியவர்களின் மலத்தைப் போலவே அதிலும் வயிற்றோட்டக் கிருமிகள் உண்டு. பலர் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடங்களில் ஒரு பிள்ளையின் வயிற்றோட்டம் விரைவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரவும்.

ஆகவே இப்படி அடுக்குங்கள். முதலில் பையின் உட்புறம் முழுவதற்கும் ஒரு பெரிய பொலித்தீனை விரியுங்கள். வெளியே போர்த்தும் பொலித்தீனைக் காற்று கிளப்பிவிடும். உள்ளே விரித்தது கிளம்பாது. மூடுபனியிலும் சாரலிலும் பையின் மேற்புறம் நனைந்தாலும் உள்ளே துணி உலர்ந்திருக்கும். அதனுள் அடியில் மாற்றுச் சட்டை, அதன் மேல் நெப்பித் துணிகள், எல்லாவற்றுக்கும் மேலே கிடத்தும் துணி. எது முதலில் தேவையோ அது மேலே இருக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் பக்கத்துப் பையில். அழுக்குத் துணியை ஒரு பொலித்தீன் பையில் போட்டு முடிந்து, அதை இன்னொரு பையில் இட்டு, வெளிப்பக்கப் பிரிவில் வையுங்கள். வெளிப்பிரிவு இல்லாவிட்டால் பையின் வாரில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு கையால் திறந்து எடுக்க முடிகிறதா என்று வீட்டிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள்.

வெறும் பொலித்தீன் பைகளைப் பிள்ளையின் கைக்கு எட்டவிடக் கூடாது. முகத்தில் ஒட்டிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும்.

பைக்குள் வரக் கூடாதவை

விவசாயக் குடும்பங்களுக்கு இதனைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிருமிநாசினி வைத்திருந்த சாக்கு, பெட்டி, பை எதுவும் பிள்ளையின் துணிக்கு ஆகாது. எத்தனை தடவை கழுவினாலும் ஆகாது. குழந்தையின் தோல் மெல்லியது. ஈரமான நெப்பிக்குள் நஞ்சு இன்னும் எளிதில் ஊறும். உரபேக் பலமானது என்று அதிலும் துணி வைக்க வேண்டாம். உருளைக்கிழங்குக்கோ லீக்ஸுக்கோ மருந்தடிக்கும்போது உடுத்திய சாரத்தையும் சட்டையையும் கிழித்து நெப்பி செய்யும் வழக்கம் எங்காவது இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள்.

அடுத்தது பூச்சி உருண்டை. நன்கொடையாக வரும் பழைய துணிகளில் அதன் மணம் இருப்பதுண்டு. பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு நொதியம் குறைவாக உள்ள குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். பார்வைக்கு அது தெரியாது. அத்தகைய பிள்ளைக்குப் பூச்சி உருண்டையின் ஆவி பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை ஏற்படலாம். எனவே அந்த மணமுள்ள துணியைச் சிசுவுக்குப் பாவிக்க வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்குக்கூடக் கழுவி, மணம் முற்றாகப் போகும்வரை பல நாள் வெயிலிலும் காற்றிலும் போட்ட பின்னரே கொடுங்கள். பையினுள் உருண்டை போடவே வேண்டாம்.

பெரியவர்களின் மாத்திரை, தீப்பெட்டி, வெற்றிலைப் பொட்டலம் ஆகியனவும் அந்தப் பையில் இடம்பெறக் கூடாது. ஊக்கு வைப்பதானால் மூடிய நிலையில் ஒரு துணியில் குத்தி வையுங்கள்.

வழியில் மாற்றும்போது

பிள்ளையைக் கிடத்த முன்னரே வேண்டியவற்றை எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிலோ மேசையிலோ கிடத்தினால் ஒரு கை எப்போதும் பிள்ளையின் மேல் இருக்கட்டும்; புரளத் தெரியாத பிள்ளை என்று நம்பியிருக்கும் நாளில்தான் அது முதன்முதலாகப் புரளும். துணியைத் தண்ணீரில் நனைத்து, முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். பின்னிருந்து முன்னாகத் துடைத்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி சேரும். ஈரத்தை ஒற்றியெடுத்து உலரவிட்டுக் கட்டுங்கள். பவுடர் கொட்ட வேண்டாம். அது மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அதற்காகவே போத்தலில் கொஞ்சம் தண்ணீரை மீதம் வையுங்கள்.

மலத்தைக் கழிப்பறையில் போட வேண்டும். பாவித்த பெம்பர்ஸைத் தேயிலைச் செடிக்கு அடியிலோ கானிலோ ஓடையிலோ எறிவது பெரும் தீங்கு. எமது ஓடைகளெல்லாம் கீழே கொத்மலை நீர்த்தேக்கத்தை நோக்கியே போகின்றன. இடையிலே பீலி வைத்துத் தண்ணீர் எடுக்கும் வீடுகள் எத்தனையோ. அழுக்குத் துணியையும் குடிதண்ணீர் எடுக்கும் பீலியடியில் அலசாதீர்கள். வாளியில் தண்ணீர் எடுத்து, தள்ளிக் கொண்டுபோய்க் கழுவுங்கள். வெயில் கிடைக்கும் நேரத்தில் வெயிலிலே காயப்போடுங்கள். மூடுபனிக் காலத்தில் அடுப்பின் அனல் படுமிடத்தில், ஆனால் புகை படாதவாறு, காயவையுங்கள். அரைகுறையாகக் காய்ந்த துணியைப் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

பையை யார் சுமப்பது?

பிள்ளையைத் தூக்குவதும் தாய், பையைச் சுமப்பதும் தாய், குடையைப் பிடிப்பதும் தாய். தகப்பன் கைவீசி முன்னே நடப்பார். இந்தக் காட்சி எமது பாதைகளில் அரிதல்ல. பிள்ளையின் துணிப்பையைத் தூக்கினால் ஆண்மைக்கு இழுக்கு என்று ஒரு எண்ணம் இருக்கிறது. கிழங்கு மூட்டையைச் சுமக்கும் தோளுக்குப் பிள்ளையின் பை எப்படி இழுக்காகும்? தகப்பன்மார் இதனைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். இருவரும் சேர்ந்து போகும் நாளில் பை தகப்பனுடையது என்று வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். அந்தப் பையில் என்ன எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போதும் ஆயத்தமாக

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் தருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள்; செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாயிருங்கள்; சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். செம்மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இருட்டிலே, மழையிலே, பிள்ளையின் துணிகளைத் தேடி மூலைமூலையாகத் துழாவ அவகாசம் இராது. கிளினிக்குக்குக் கொண்டுபோன அதே பையைத் திரும்பி வந்த அன்றே கழுவிக் காயவைத்து, மறுபடி நிரப்பி, கதவருகே ஆணியில் மாட்டிவிட்டால் அந்தக் கவலை இல்லை. மழைக்காலத்தில் அதனோடு பிறப்புச் சான்றிதழின் பிரதி, ஒரு சிறு டோர்ச், ஜீவனிப் பொதி ஒன்றையும் சேர்த்து வையுங்கள். ஜீவனியைப் பொதியில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் மட்டுமே கரைக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பையின் உட்புறத்தில் எழுதிவிடுங்கள். பொது இடத்தில் தங்கியிருப்போர் பையின் வெளிப்புறத்தில் பிள்ளையின் பெயரையும் எழுதுவது நல்லது.

கிளினிக் நாட்களையும் மறந்துவிட வேண்டாம். 2, 4, 6 மாதங்களிலும், 9 மாதத்திலும், ஒரு வயதிலும், ஒன்றரை வயதிலும், மூன்று வயதிலும் பிள்ளைக்குத் தடுப்பு மருந்து உண்டு. சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையைப் பாராட்டியது. 2023இல் அதே சின்னமுத்து மீண்டும் பரவியது. தவறிய ஊசி நோய்க்குத் திறந்துவிடும் வாசல். இடம்பெயர்ந்ததால் பழைய கிளினிக்குக்குப் போக முடியாதவர்கள், தற்போது தங்கியுள்ள பகுதியின் மிட்வைபிடம் புத்தகத்தைக் காட்டலாம். புத்தகம் மண்ணோடு போயிருந்தாலும் அவரிடம் சென்று விவரத்தைச் சொல்லுங்கள்.

மாதர் சங்கங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. வருட முடிவில் பிள்ளைகள் கழிக்கும் பாடசாலைப் பைகளைச் சேர்த்து, கழுவி, வார் தைத்து, கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏழாம் எட்டாம் மாதத்திலே கொடுங்கள். பழைய பருத்திச் சேலைகளிலிருந்து பத்து நெப்பி வெட்டி ஓரந்தைத்து உள்ளே வையுங்கள். இதற்குப் பெரிய திட்டமும் வேண்டாம், வெளியுதவியும் வேண்டாம். இரண்டு பிற்பகல் வேலை.

மரியாள் தம் தலைப்பிள்ளையைத் துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்று லூக்கா நற்செய்தியாளர் எழுதுகிறார். சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் பிள்ளையைப் பொதியத் துணி இருந்தது. நாசரேத்திலிருந்து புறப்பட்ட அந்த ஏழைப் பெண் அதனை முன்கூட்டியே எடுத்து வந்திருக்க வேண்டும். பின்னர் எகிப்துக்கு இரவோடிரவாக ஓடியபோதும் யாரோ ஒருவர் அந்த மூட்டையைச் சுமந்திருப்பார். சூசையப்பர்தான் சுமந்திருப்பார் என்று எண்ண எனக்கு விருப்பம். இந்துக்களாயினும் கிறிஸ்தவர்களாயினும், வீடிழந்த பெற்றோர் பிள்ளைக்கு முதலில் கொடுக்கக்கூடிய பாதுகாப்பு உலர்ந்த ஒரு துணி.

இந்த ஏட்டை மூடி வைத்ததும் வீட்டிலுள்ள பழைய புத்தகப் பையைத் தேடி எடுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு முன்னர் அது கழுவித் தைத்து நிரப்பி, கதவருகே தொங்கட்டும்.